ஜிக் வைத்து வெட்டினால் அது கைவேலை இல்லையா?

காமர்ஸ் படிக்கிற பையனுக்கு மரவேலையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் மூன்று வருஷமாக மாங்கு மாங்கென்று எழுதுகிறோமே கேஷ் புக், அதற்குத் தாத்தா கல்லாப்பெட்டி. அதனால் எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது :-)

பழைய கல்லாப்பெட்டி எங்காவது கண்ணில் பட்டால் மூடியைத் திறந்து காசு தேடாதீர்கள். மூலையைப் பாருங்கள். இரண்டு பலகை சந்திக்கிற இடத்தில் ஆணி இருக்காது. ஒரு பலகையின் ஓரத்தில் வெட்டிய பற்கள் இன்னொரு பலகையின் காடிகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பல் விசிறி மாதிரி விரிந்து இருந்தால் அது புறாவால் மூட்டு. நேராக, சதுரமாக, இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி இருந்தால் அதுதான் பாக்ஸ் ஜாயின்ட். (கேரளாவிலிருந்து வரும் ரப்பர் மரப் பலகையை ஃபிங்கர் ஜாயின்ட் போர்டு என்பார்களே, அது வேறு. துண்டுக் கட்டைகளை நீளவாக்கில் ஒட்டுவது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், நாலு ஆணி அடித்தால் நிற்காதா? நிற்கும், கொஞ்ச நாள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பலகை 12 மி.மீ. தடிமன், 120 மி.மீ. உயரம். சும்மா முட்டவைத்து ஒட்டினால் பசை பிடிக்கிற பரப்பு 12 x 120, அதாவது 1,440 சதுர மி.மீ. அதிலும் ஒரு பக்கம் பலகையின் வெட்டுமுனை. வெட்டுமுனை என்பது உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி, பசையைக் குடித்துவிடும், பிடிக்காது. இதையே 6 மி.மீ. பற்களாக வெட்டினால் மொத்தம் 20 பகுதி, அவற்றுக்கு நடுவே 19 இடங்களில் மரத்தின் பக்கவாட்டும் பக்கவாட்டும் ஒட்டும். ஒவ்வொன்றும் 12 x 12. மொத்தம் 2,736 சதுர மி.மீ. ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் பசை நன்றாகப் பிடிக்கிற பக்கத்தில். சாதாரண வெள்ளைப் பசையே போதும். ஆணி துருப்பிடிக்கும், மரம் சுருங்கும்போது தலையை நீட்டும், கீழ் வேட்டியைக் கிழிக்கும். பல் அதெல்லாம் செய்யாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பெரம்பலூரில் எங்கள் தெருவில் ஒரு பட்டறை இருக்கிறது. வைத்திருப்பவரை நாங்கள் எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். பரம்பரை ஆசாரி. அவரிடம் வேலை செய்கிற அண்ணன் ஒருவர், வயது இருபத்தாறு இருக்கும். அப்பா அம்மா மக்காச்சோளக் காட்டில் கூலி வேலை. வீட்டில் யாரும் உளியைத் தொட்டதில்லை. அவர் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, கழித்துப்போட்ட பிளைவுட்டில் ஒரு ஜிக் செய்து, அதில் ஒரு அஞ்சறைப்பெட்டி வெட்டிக் காட்டினார். மூலை நாலும் நகம் நுழையாத அளவு சேர்ந்திருந்தது. பெரியப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டி நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இத நீ செஞ்சியா, அந்தக் கட்டை செஞ்சதா?" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பெரியப்பாவிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லை, இங்கே சொல்கிறேன்.

முதலில் ஜிக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. சன்மைக்கா ஓரம் சீவ ஆசாரிகள் கையில் ஒரு சின்ன மிஷின் வைத்திருப்பார்களே, ட்ரிம்மர், அதைத் தலைகீழாக ஒரு மேஜைக்கு அடியில் மாட்டினால் சுழலும் பிட்டு மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். பிட்டு 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜைமேல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு கட்டை. அந்தக் கட்டையில், பிட்டு வெட்டுகிற காடிக்குப் பக்கத்தில், சரியாக 6 மி.மீ. தள்ளி, 6 மி.மீ. தடிமனில் ஒரு மர முளை. அவ்வளவுதான் ஜிக். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரத்தை முளையில் இடித்துவைத்து ஒரு தள்ளு தள்ளினால் முதல் காடி. அந்தக் காடியைத் தூக்கி முளைமேல் மாட்டி மறுபடி தள்ளினால் இரண்டாவது காடி. இப்படியே போக வேண்டியதுதான். மாற்றுப் பலகையை மட்டும் ஒரு பல் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். ஸ்கேல் வேண்டாம், பென்சில் வேண்டாம், கோடு வேண்டாம். வெட்டிய காடியே அடுத்த காடிக்கு அளவு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. கையால் கோடு போட்டு வெட்டினால் ஒவ்வொரு பல்லிலும் தப்பு தனித்தனியாக வரும். மூன்றாவது பல் இறுகும், ஏழாவது பல் ஆடும். ஜிக்கில் தப்பு வந்தால் எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி வரும். முளைக்கும் பிட்டுக்கும் உள்ள இடைவெளி கூடிப்போனால் பல் தடித்து எல்லாமே இறுகும், குறைந்தால் எல்லாமே ஆடும். அதனால் ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்தாலே மொத்த உண்மையும் தெரிந்துவிடும். இறுகினால் முளையைப் பிட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் பேப்பர் தடிமன் நகர்த்த வேண்டும். அது சுமார் 0.1 மி.மீ. ஆடினால் எதிர்ப் பக்கம். நம் அக்கவுண்ட்ஸில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் எங்கே தப்பு என்று இரவெல்லாம் தேடுகிறோமே, அந்தத் தொல்லை இங்கே கிடையாது.

ஆனால் முளை காடியில் லொடலொடவென்று இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் பலகை கொஞ்சம் அப்படி இப்படி நகரும். அந்தத் தப்பு கூடிக்கொண்டே போய்க் கடைசிப் பல்லில் முழித்துக்கொண்டு நிற்கும். ஆக அந்த ஒரு முளையைச் சரியாக இழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது கையால் செய்கிற வேலைதான். இழைப்புளி பிடிக்கத் தெரியாதவனால் ஜிக் செய்ய முடியாது. அண்ணன் அந்த முளையை நாலு தடவை வீசிவிட்டு ஐந்தாவதைத்தான் வைத்தார்.

இப்போது பெரியப்பாவின் கேள்வி. பெட்டியை யார் செய்தது? என் பதில்: ஜிக்கைச் செய்தவன்தான் பெட்டியையும் செய்தான். திறமை எங்கும் போய்விடவில்லை. 80 காடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக வேண்டியது ஒரு முளையில் மொத்தமாகச் செலவாகியிருக்கிறது.

நம் மரபில் இது புதுசும் இல்லை. கொள்ளிடத்தைத் தாண்டிக் கும்பகோணம் பக்கம் சுவாமிமலைக்குப் போனால், பஞ்சலோகச் சிலை செய்கிற ஸ்தபதிகள் தென்னை ஓலையில் ஒரு நறுக்கை வைத்திருப்பார்கள். ஒடியோலை என்று பெயர். சிலையின் உயரத்துக்கு வெட்டி, கணக்குப்படி மடித்து மடித்து, முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எங்கே என்பதையெல்லாம் அந்த மடிப்புகளை வைத்தே எடுப்பார்கள். நூலில் உள்ள தாளக் கணக்கு ஓலையில் இறங்கி, ஓலையிலிருந்து மெழுகுக்குப் போகிறது. "இந்தச் சிலையை நீர் செய்தீரா, ஓலை செய்ததா?" என்று யாராவது ஸ்தபதியிடம் கேட்பார்களா? கேட்டுப் பாருங்களேன் :-)

வெளிநாட்டிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. டேவிட் பை என்று ஒரு ஆங்கிலேயர், மரவேலைக்காரர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பேராசிரியர். 1968-ல் கைவேலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கைவேலை, மிஷின் வேலை என்று பிரிப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் பிரித்த விதம் வேறு: முடிகிற வரைக்கும் எந்த நிமிஷமும் கெட்டுப்போகக்கூடிய வேலை ஒரு வகை, ஆரம்பிக்கும்போதே முடிவு நிச்சயமாகிவிட்ட வேலை இன்னொரு வகை. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சடிப்பது இரண்டாம் வகை. ஆனால் எந்தத் தொழிலாளியும் முழு ஆபத்தில் வேலை செய்வதில்லை, முடிந்த இடத்திலெல்லாம் ஆபத்தைக் குறைக்க எதையாவது செய்துகொள்கிறான் என்பதையும் அவரே சொல்கிறார். மூலைமட்டமே அப்படி ஒன்றுதானே? ஸ்கேலைச் சாய்த்துக் கண்ணால் 90 டிகிரி பார்க்கிற ஆசாரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்தப் பிரிவினையை வைத்துப் பார்த்தால்தான் நம் மாவட்டத்துப் பெருமையும் சரியாகப் புரிகிறது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். பச்சைமலை அடிவாரத்து ஊர். அங்கே சிற்பம் பெரும்பாலும் ஒரே கட்டையில் குடைந்து எடுப்பது. அந்த வேலையில் ஜிக் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. பிள்ளையாரின் தும்பிக்கை வளைகிற இடத்தில் உளி ஒரு நூல் அதிகமாகப் போனால் போனதுதான். கட்டை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து அந்தந்த நிமிஷம் முடிவெடுக்க வேண்டும். பையின் கணக்கில் அது சுத்தமான முதல் வகை.

பெட்டி அப்படி இல்லை. அரும்பாவூர்ச் சிற்பத்தின் பெருமை மூட்டே இல்லாதது. பெட்டி என்பதோ மூட்டு மட்டும்தான், மற்றதெல்லாம் நாலு பலகை. அந்த மூட்டில் 20 பல்லும் ஒரே அளவாக இருப்பதுதான் அழகு, அதுதான் பலம். ஒரே அளவாக இருக்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கையால் வெட்டுவதில் எனக்குப் பெரிய ஆன்மிகம் எதுவும் தெரியவில்லை. நாலு மூலைப் பெட்டியில் மேலே சொன்ன கணக்குப்படி 80 காடி. கையால் வெட்டினால் 152 தடவை ரம்பம் போட வேண்டும், பிறகு அடியில் உளி. ஜிக்கில் 80 தள்ளு. எதிரெதிர்ப் பலகை இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெட்டினால் 40.

பெரியப்பாவுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஜிக்கில் தொடங்குகிற பையன் மரத்தைப் படிக்க மாட்டான் என்கிறார் அவர். இதில் பாதி உண்மை இருக்கிறது. பலகை முறுக்கிக்கொண்டிருந்தால் ஜிக் அதை நேராக்காது, முறுக்கலோடு அழகாகப் பல் வெட்டிக் கொடுக்கும். ஈரம் காயாத வேம்பில் வெட்டினால் இரண்டு மாதத்தில் பல் சுருங்கி ஆடும். பழைய பெட்டியில் ஒரு பல் உடைந்து அதை மட்டும் மாற்ற வேண்டும் என்று யாராவது கொண்டுவந்தால் ஜிக் உதவவே உதவாது, உளிதான். அதனால் உளியைக் கற்றுக்கொள்ளாதே என்று யாருமே சொல்லவில்லை. நான் சொல்வது, உளி பழகி முடிக்கிற அந்த நாலைந்து வருஷமும் ஒருவன் எதைச் சாப்பிடுவான் என்பதுதான்.

அங்கேதான் எனக்கு நிஜமான கோபம் வருகிறது.

பெரியப்பாவுக்கு அந்த நாலைந்து வருஷம் இலவசமாகக் கிடைத்தது. ஆறு வயதில் அப்பாவின் பட்டறையில் இழைப்புச் சுருளில் விளையாடினார். பத்து வயதில் கொட்டாப்புளி பிடித்தார். சாப்பாடு வீட்டில். கை தானாகப் பழகியது. அவர் திறமையை நான் குறைக்கவில்லை, அவர் வைத்த நிலைக்கதவு எங்கள் வீட்டில் இருக்கிறது, இன்றைக்கும் ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடும். ஆனால் அந்தக் கைப்பழக்கம் அவருக்குப் பிறப்போடு வந்த சொத்து. அண்ணனுக்கு அது கிடையாது. இருபத்தாறு வயதில், கூலி வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பணம் கொடுத்துக்கொண்டு, எப்போது கை பழகுவது? "கை பழகாமல் செய்தது வேலையே இல்லை" என்று சொல்லும்போது, சொல்பவர் நினைக்காவிட்டாலும், "இந்த வீட்டில் பிறக்காதவன் செய்தது வேலையே இல்லை" என்றும் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இது பழைய புண். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் குறைந்தது. மிச்ச நேரத்தில் அப்பாவின் தொழிலைப் பழகலாம் என்ற யோசனை வந்ததும் குலக்கல்வி என்று பெயர் வைத்து நாடே கொந்தளித்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அது போனது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டம் தொடங்கியது. 18 தொழில்கள், தச்சு அதில் ஒன்று, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை, வட்டி குறைந்த கடன். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை குலத்தொழிலைத்தான் வளர்க்கும் என்று தமிழக அரசு 2024-ல் அதை ஏற்க மறுத்தது. 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகத் தொடங்கியது. அதில் 25 தொழில்கள், பிறப்பு கேட்பதில்லை. ஆனால் தொடங்கியபோது வைத்த குறைந்தபட்ச வயது 35. படிக்க வேண்டிய வயதில் யாரும் தொழிலுக்குத் தள்ளப்படக் கூடாது என்ற காரணம் எனக்குப் புரிகிறது, நியாயமானதும்கூட. ஆனால் அண்ணன் 26-ல் இருக்கிறார். ஒரு பக்கம் உங்கள் குடும்பத் தொழில் என்ன என்கிறார்கள், இன்னொரு பக்கம் இன்னும் ஒன்பது வருஷம் கழித்து வாருங்கள் என்கிறார்கள்.

அந்த இடைவெளியில் அவருக்குக் கைகொடுத்தது ஒரு பிளைவுட் துண்டும் ஒரு முளையும். அது நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. இதைத்தான் நான் ஜிக்கின் பெரிய குணம் என்கிறேன். வேகம் எல்லாம் அப்புறம்.

உடனே "அப்போ மிஷின் எல்லாம் ஏழைக்கு நண்பனா?" என்று கேட்காதீர்கள், அப்படிச் சொல்லவில்லை. சரித்திரத்தில் எதிர் உதாரணமும் இருக்கிறது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் 1800-களின் தொடக்கத்தில் மார்க் புருனெல் என்பவர் பாய்மரக் கயிறு ஓடும் மரக் கப்பிகளைச் செய்ய வரிசையாக மிஷின்கள் அமைத்தார். கட்டையைப் பிடித்துக்கொள்ளும் பிடிப்பான்கள், ஒரே இடத்தில் மட்டும் வெட்டும் அமைப்புகள், எல்லாம் பெரிய அளவு ஜிக் என்றே சொல்லலாம். 110 கைத்தேர்ந்த தொழிலாளிகள் செய்ததைத் தேர்ச்சி இல்லாத 10 பேர் செய்தார்கள். அந்த 100 பேரின் திறமை மிஷினுக்குள் போனது, மிஷின் கடற்படையிடம் இருந்தது. அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆக ஜிக் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. யார் செய்தது, யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அண்ணனின் ஜிக் அண்ணனுடையது. நாளைக்கு வேறு பட்டறைக்குப் போனால் பையில் போட்டுக்கொண்டு போவார். தொலைந்தால் அரை நாளில் இன்னொன்று செய்வார், 6 மி.மீ.க்குப் பதில் 9 மி.மீ. வேண்டுமென்றால் அதுவும் செய்வார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனி ஜிக் வைத்து, அதில் பலகையைத் தள்ள மட்டும் ஆள் எடுத்தால், அந்த ஆள் பத்து வருஷம் தள்ளினாலும் தள்ளத்தான் தெரியும். இரண்டும் பார்க்க ஒரே கட்டைதான்.

இனி நம் பாடத்துக்கு வருவோம், இல்லாவிட்டால் கிளாஸ்மேட்ஸ் ஓடிவிடுவீர்கள். பிரேக் ஈவன் பாயின்ட். கணக்குக்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். ஆசாரி நாள் கூலி 1,000 ரூபாய், எட்டு மணி நேரம், ஆக மணிக்கு 125. ஜிக் செய்ய நாலு மணி நேரம், 500 ரூபாய். திருகு, பசை, சில்லறை 100. மொத்தம் 600, இதுதான் ஃபிக்சட் காஸ்ட். ட்ரிம்மர் ஏற்கெனவே பட்டறையில் இருக்கிறது, அதைச் சேர்க்கவில்லை. ஒரு பெட்டிக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் என்றால் 250 ரூபாய். 600-ஐ 250-ஆல் வகுத்தால் 2.4. மூன்றாவது பெட்டியில் ஜிக் தன் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உங்கள் பட்டறையில் கூலி வேறாக இருந்தால் வேறு எண் போட்டுப் பாருங்கள், பத்துப் பெட்டியைத் தாண்டுவது கஷ்டம். ஒரே ஒரு பெட்டிதான் செய்யப் போகிறேன் என்றால் கையாலேயே வெட்டுங்கள், ஜிக் நஷ்டம்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன், சுவாரஸ்யமாக இருந்தது. ஜி.எஸ்.டி.யில் கைவினைப் பொருள் எது என்று 2018 ஜூலையில் ஒரு அறிவிக்கை வந்தது (எண் 21/2018). அதன்படி முக்கியமாகக் கையால் செய்திருக்க வேண்டும், கருவியோ மிஷினோ கொஞ்சம் பயன்பட்டிருந்தாலும் பரவாயில்லை. பெரியப்பாவைவிட ஜி.எஸ்.டி. கவுன்சில் தாராளம்! ஆனால் அதே அறிவிக்கை, பொருளில் கண்ணைக் கவரும் அலங்கார வேலைப்பாடு கணிசமாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இங்கேதான் பெட்டி மாட்டிக்கொள்கிறது. மூடிமேல் ஒரு மயிலைச் செதுக்கினால் கைவினை. 80 பல்லையும் மயிரிழை பிசகாமல் கோத்துவிட்டுச் சும்மா எண்ணெய் மட்டும் தடவினால் அது வெறும் பெட்டி. மூட்டே அலங்காரம்தான் என்று அதிகாரியிடம் வாதாடிப் பார்க்கலாம். நான் வக்கீல் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி, என் நண்பன் கேட்டது. அவன் அரியலூர்க்காரன். "பெட்டி செய்யறது சரி மச்சான், யாருடா வாங்குறா?" அரியலூர் சிமென்ட் ஊர், சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம். அவன் தெருவில் புதுசாகக் கட்டுகிற வீடுகளில் ஜன்னல் சட்டமே சிமென்ட்டில் வார்த்தது, உள்கதவு பிளாஸ்டிக், வாசல் நிலை ஒன்றுதான் மரம். ஆசாரிக்கு அங்கே ஒரு நாள் வேலை, அதுவும் நல்ல நேரம் பார்த்து நிலை வைக்கிற நாள்.

நியாயமான கேள்வி. அஞ்சறைப்பெட்டியும் நகைப்பெட்டியும் விற்று ஒரு பட்டறை நடக்காது. ஆனால் அவன் வீட்டிலேயே மாடுலர் கிச்சன் போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்பது டிராயர். டிராயர் என்பது மூடியில்லாத பெட்டிதானே? ஒவ்வொன்றும் பிளைவுட்டை முட்டவைத்து ஆணி அடித்தது. ஒரு வருஷத்தில் இரண்டு டிராயரின் முன்பலகை கையோடு வந்துவிட்டது, பருப்பு டப்பா எல்லாம் தரையில். தினம் பத்து முறை இழுக்கிற பொருளுக்கு ஆணி தாங்காது. இங்கேதான் பாக்ஸ் ஜாயின்ட்டுக்கு உண்மையான மார்க்கெட். பிளைவுட்டில் புறாவால் வெட்டினால் அடுக்கு பிய்ந்துவரும், நேர்ப்பல் அவ்வளவு மோசமில்லை. ஒரு வீட்டுக்கு ஒன்பது டிராயர் என்றால் மேலே சொன்ன பிரேக் ஈவன் முதல் வீட்டிலேயே தாண்டிவிடும். பெட்டிக்கு வாடிக்கையாளர் தேட வேண்டியதில்லை, அவர்கள் ஏற்கெனவே கிச்சனில் நின்றுகொண்டு டிராயரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

யாராவது செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம். பலகையின் அகலத்தை முதலிலேயே இறுதி அளவுக்கு வெட்டிவிடாதீர்கள், கொஞ்சம் கூடுதலாக வைத்துப் பல் வெட்டி முடித்தபின் கடைசிப் பல் முழுசாக வருகிற இடத்தில் அறுங்கள். பலகைக்குப் பின்னால் ஒரு கழிவுத் துண்டை வைத்துத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் பிட்டு வெளியேறும் இடத்தில் சில்லு தெறிக்கும். மூன்றாவது ரொம்ப முக்கியம். ட்ரிம்மர் இல்லை, மார்பிள் கட்டரைத் தலைகீழாக மேஜையில் கட்டிச் செய்யலாமா என்று சிலர் கேட்பீர்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் அப்படித்தான் ஓடுகிறது, மேலே மூடி எதுவும் இல்லாமல். ஆள்காட்டி விரலில் நுனி இல்லாத இரண்டு பேரை எனக்கே தெரியும். காடி வெட்டி முடிகிற இடத்தில் பிட்டானாலும் பிளேடானாலும் ஜிக்கின் பின்பக்கம் வெளியே வரும். உங்கள் கட்டைவிரல் அங்கேதான் இருக்கும். அந்த இடத்தில் நாலு அங்குலத்துக்கு ஒரு கனமான கட்டையை ஒட்டி மறைத்துவிட்டு, அப்புறம் ஸ்விட்சைப் போடுங்கள்.